பாகான் டத்தோ வெயிலில் ஒரு பழைய கார்

கோலசிலாங்கூரைத் தாண்டி வடக்கே போகும் கடற்கரைச் சாலையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சிகிஞ்சானில் வயல்வெளி, அதற்கப்பால் செம்பனை, சபாக் பெர்ணமை நெருங்க நெருங்கத் தென்னை. பெர்ணம் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் சிலாங்கூர் முடிந்து பேராக் தொடங்கிவிடும். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் வந்தபின் தெலுக் இந்தானுக்கு ஒரு வழி பிரிகிறது. இடப்பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் பாகான் டத்தோ.

வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் தெலுக் இந்தானுக்கே போவார்கள். 1885-ல் கட்டிய சாய்ந்த கோபுரம் அங்கே இருக்கிறது. வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே மூன்றே தளம்தான். அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. பாகான் டத்தோவில் அப்படிப் படம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 2017-ல்தான் அது பேராக்கின் 12-ஆவது மாவட்டமானது. தென்னைதான் ஊரின் அடையாளம். நம் வீட்டுக் குழம்பில் ஊற்றும் தேங்காய்ப் பால், அது இங்கிருந்து வந்த காயாகவும் இருக்கலாம்.

நிலம் மிகத் தாழ்வானது. கடல் நீர் ஏறாமல் இருக்க மண்கரை கட்டியிருக்கிறார்கள். மழைநீர் வடிய நேர்கோடு போட்டதுபோல் பாரிட் வெட்டியிருக்கிறார்கள். சாலையின் ஒரு பக்கம் பாரிட், அதன் மேல் சின்னச் சின்னப் பாலங்கள், ஒவ்வொரு பாலத்துக்கும் பின்னால் ஒரு வீடு. வாசலில் சேவல், துணி காயும் கயிறு, பழைய மோட்டார். சில வீடுகளில் மாவிலைத் தோரணம் தொங்கும், சில வீடுகளில் சிவப்புக் காகித விளக்கு. அக்கம்பக்கத்தார் மூன்று மொழியிலும் பேசிக்கொள்வார்கள்.

இந்தப் பகுதித் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்கள் ஏராளம். பால்மரம் வெட்டியவர்கள், தேங்காய் உரித்தவர்கள், கொப்பரைச் சூளையில் புகை குடித்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பெரியவர்களில் சிலர் மட்டும் ஊர் விட்டு வர மனமில்லாமல் இங்கேயே இருக்கிறார்கள். அப்படி இருக்கும் ஒரு மாமாவையும் அத்தையையும் பார்க்கத்தான் போன மாதம் போயிருந்தேன். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். மாமாவுக்கு 74 வயது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் பாரிட் ஓரம் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்.

கொட்டகைக்கு மேல் ஒரு கண்ணாடிப் பலகை

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை. அதற்குள் வெள்ளை நிறக் கஞ்சில் கார். 1994-ல் இந்தக் கார் நம் நாட்டில் வந்தபோது எத்தனை குடும்பங்களுக்கு அது முதல் கார் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமாவின் கார் இருபது வயதைத் தாண்டியது. சாயம் மங்கியிருந்தாலும் உடம்பில் துரு இல்லை.

என் கண்ணில் பட்டது கார் அல்ல. கொட்டகைத் தகரத்தின் மேல், தென்னை நிழல் விழாத மூலையில், இரண்டு சாப்பாட்டுத் தட்டை ஒட்டி வைத்த அளவுக்கு ஒரு சோலார் பலகை இருந்தது. அதிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று தூணோடு இறங்கி, காரின் முன்மூடிக்குள் நுழைந்திருந்தது. ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

“என்ன மாமா, காடிக்குக் காப்பு கட்டியிருக்கீங்களா?” என்றேன்.

“அது எனக்குக் கட்டின காப்பு தம்பி. ஒயரைக் கழற்றாம காடியை எடுத்துடக் கூடாதுல்ல. வயசாச்சு, மறந்து போகும். துணியைப் பார்த்தா ஒயர் ஞாபகம் வரும்” என்று சிரித்தார்.

அத்தை வரக்காப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் கொண்டுவந்து வைத்தார். “கிழவனுக்கு வேற வேலை இல்லை. தினமும் அந்தக் கண்ணாடியைத் தொடைக்கிறதுதான் வேலை” என்றார். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பலகை யாருக்காக ஏறியது என்பது அவருக்குத் தெரியும்.

பேட்டரி தூக்கிய காலம்

மாமாவுக்கும் கார் பேட்டரிக்கும் உள்ள உறவு பழையது. அவர் இளைஞராக இருந்தபோது தோட்டத்து லயத்தில் மின்சாரம் கிடையாது. மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், அதுவும் பெரிய வீடுகளுக்கும் ஆபீசுக்கும்தான். லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. தோட்டத்துக்கு அது வந்து சேரச் சில வருடம் ஆனது. முதலில் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கியவர் ஒரு கங்காணி. அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்தது ஒரு கார் பேட்டரி. தமிழ்ப்படம் போடுகிற நாளில் வாசலில் பாய் விரித்து, லயமே அங்கே கூடும்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமானால் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். சைக்கிளின் பின்பக்கம் ரப்பர்ப் பட்டையால் கட்டி, செம்மண் சாலையில் உருட்டிக்கொண்டு போவார்களாம். பட்டறைத் தவுக்கே அன்று காலை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் மாலை கொடுப்பார். “போகும்போதும் வரும்போதும் அதே கனம்தான் தம்பி. ஆனா வரும்போது கனமே தெரியாது. படம் பார்க்கப் போறோம்ல” என்றார் மாமா. அந்த வேலையில் அவருடைய கைலிகள் பலவற்றில் ஓட்டை விழுந்தது. பேட்டரித் திராவகம் சிந்திய இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. துவைத்து எடுத்தால் துணி சல்லடையாகிவிடும்.

பேட்டரி இறங்க இறங்கத் திரையில் படம் சுருங்கும். நான்கு பக்கமும் கறுப்பு வந்து மூடும். கதாநாயகனும் வில்லனும் மோதும் கட்டத்தில் இருவரும் உள்ளங்கை அளவுக்குக் குறுகி, பிறகு மறைந்தே போவார்கள். “கடைசியில யார் ஜெயிச்சாங்கன்னு தெரியாமலே நான் பார்த்த படம் எத்தனையோ” என்றார். பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தவர்களிடம் மறுநாள் பெரட்டில் நிற்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம்.

மின்சாரம் வந்தபிறகு பேட்டரி தூக்கும் வேலை போயிற்று. கார் வாங்கியபிறகு பேட்டரி முன்மூடிக்குள் மறைந்துவிட்டது. ஓடுகிற வரைக்கும் யாரும் அதை நினைப்பதில்லை.

அந்த ஏப்ரல் இரவு

2020 மார்ச் 18-ஆம் தேதி பொது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்கப் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். மாமா பக்கத்துக் கடைக்கு மோட்டாரில் போய் வந்தார். கார் கொட்டகையில் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், விடியற்காலை இரண்டு மணி. அத்தைக்கு நெஞ்சு அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. மாமா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். திருப்பினால் “டிக்” என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை. மேனுவல் கியர் என்பதால் தள்ளிவிட்டுக் கிளப்பலாம். தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஷா ஆலமில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தார். மகள் அங்கிருந்து 999-ஐ அழைத்தார். மகன் சிங்கப்பூரில். எல்லை மூடிக் கிடந்த நேரம்.

மாமா பாலத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருப்பவர் ஒரு மலாய் மீனவர். மாமாவைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தாலும் இருவரும் ஒருவரையொருவர் ‘பாக் சிக்’ என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் தம் வண்டியைக் கொட்டகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மாமா ஜம்பர் கேபிளைத் தேடப் போனபோது, “காடியை நாளைக்குப் பார்க்கலாம், மக் சிக்கை முதலில் ஏற்றுங்கள்” என்றாராம். அந்த வண்டியிலேயே தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம். வழியில் இருந்த தடுப்பில் போலீஸ்காரர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டார்.

அத்தை பிழைத்தார். இன்று வரை மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. “நேரத்தோட கொண்டுவந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரு. என் காடியில கொண்டு போயிருந்தா நேரத்தோட போயிருக்க முடியாது” என்று மாமா சொல்லும்போது சிரிக்கவில்லை.

நின்றாலும் தின்னும்

சில நாள் கழித்து அந்த மீனவர்தான் இந்த யோசனையைக் கொடுத்தார். அவருடைய படகில் ஒரு சின்னச் சோலார் பலகை இருந்தது. இரவு விளக்குக்கும் படகில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கும் வேண்டிய பேட்டரியை அதுதான் நிரப்பி வைக்கிறது. பத்து நாள் கடலுக்குப் போகாவிட்டாலும் பேட்டரி நிறைந்தே இருக்கும். “படகுக்குச் செய்வதைக் காருக்குச் செய்தால் என்ன?” என்று கேட்டாராம். டிராக்டர் ஓட்டியவருக்கு அது போதும்.

காப்பி குடித்து முடித்ததும் மாமா எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

“காடி நின்னா சும்மா நிக்குதுன்னு நெனக்காதே தம்பி. அது உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டே இருக்கும்.”

ரேடியோவின் கடிகாரம், திருட்டு அலாரம், அதில் மினுக்கும் சிவப்பு விளக்கு, இவை சாவியை எடுத்தபின்னும் மின்சாரம் இழுக்கும். மாமா மல்டிமீட்டரை வைத்து அளந்தபோது அவர் காரில் அது 30 மில்லி ஆம்பியர். அற்பம்தான். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம் இழுக்கிறது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி, 30 நாளில் ஏறக்குறைய 22. அவர் காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணி. ஒரு மாதம் நின்றால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. போதாக்குறைக்கு எதையும் மாட்டாமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகமாக இறங்கும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் அடுத்த கேடு வருகிறது. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப் படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பேட்டரி பழைய நிலைக்கு வராது. நம்மில் பலர் இரண்டு வருடத்துக்குள் பேட்டரி மாற்றுவதற்கு வெயில் ஒரு காரணம். ஓடாமல் நிறுத்தி வைப்பது இன்னொரு காரணம்.

“வாரத்துக்கு ஒரு தரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதாதா மாமா?” என்று கேட்டேன். பலரும் செய்வது அதைத்தான்.

அதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. நின்ற இடத்தில் உறுமும் காரில் பேட்டரிக்குப் போவது, நல்ல நிலையில் இருந்தாலும், பத்து ஆம்பியர் என்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் சேருவது ஒரு ஆம்பியர்-மணிகூட இல்லை. அந்த வாரத்தில் இழந்தது ஐந்து. அரை மணி நேரமாவது ஓட்டினால்தான் ஈடு கட்டும். ஓட்ட வேண்டிய இடம் இல்லாதபோது எண்ணெயை எரித்துக்கொண்டு எங்கே போவது?

ஒரு துண்டு வெயில் போதும்

மாமா வாங்கியது 20 வாட் பலகை. அதோடு ஒரு சின்னக் கண்ட்ரோலர், ஃபியூஸ், ஒயர், எல்லாம் சேர்த்து நூற்று முப்பது வெள்ளி. நல்ல வெயிலில் பலகை ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தரும். நம் நாட்டு வானத்தில் மேகம் வந்து போவதால், ஒரு நாள் வெயிலைச் சுருக்கினால் நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் நாளொன்றுக்கு நான்கு ஆம்பியர்-மணி. கார் தின்பது 0.72. நாள் முழுக்க மழை மூட்டமாக இருந்து ஐந்தில் ஒரு பங்கு வந்தாலும் செலவுக்குச் சரியாகிவிடும்.

“அப்ப பெரிய பலகையா வாங்கினா இன்னும் நல்லதுதானே?” என்றேன்.

“சோறு நல்லதுதான். அதுக்காக வயித்தை மீறிச் சாப்பிடலாமா?” என்றார்.

சோலார் பலகையின் முனைகளில், எதையும் இணைக்காதபோது, 21 வோல்ட் வரை நிற்கும். 12 வோல்ட் பேட்டரிக்குள் அதை நேராக நாள்கணக்கில் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்ததுபோல் குமிழி விட்டு வற்றிவிடும். அதனால்தான் நடுவில் கண்ட்ரோலர். பேட்டரி நிறையும்வரை விடும், நிறைந்ததும் 13.7 வோல்ட் அளவில் பிடித்துக்கொள்ளும். இரவில் பேட்டரியிலிருந்து பலகைக்கு மின்சாரம் திரும்பிப் போகாமலும் தடுக்கும்.

இடம் தேடுவதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருந்ததாம். தென்னை ஊரில் நிழல் இல்லாத இடம் எங்கே? பலகையில் உள்ள சின்னச் சின்னக் கட்டங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு மட்டையின் நிழல் இரண்டு கட்டத்தின் மேல் விழுந்தாலும் மொத்தப் பலகையும் சோர்ந்துவிடும். மூன்று நாள் காலை, நண்பகல், மாலை என்று நிழலைப் பார்த்துச் சுண்ணாம்பால் குறி வைத்திருக்கிறார். தேங்காய் விழாத இடமாகவும் பார்க்க வேண்டியிருந்தது.

நாம் பூமத்தியரேகைக்கு அருகில், வடக்கே நான்கு பாகையில் இருக்கிறோம். நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தலைக்கு மேல்தான். பலகையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டியதில்லை; படுக்க வைக்கலாம். ஆனால் சுத்தமாகப் படுக்க வைத்தால் தூசியும் பறவை எச்சமும் தேங்கும். லேசாகச் சாய்த்தால் மழையே கழுவிவிடும். மாமா ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு மரக்கட்டை வைத்துத் தூக்கியிருக்கிறார்.

உங்கள் வீட்டு வாசலிலும்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள், விடுமுறைக்கு மட்டும் எடுக்கும் இரண்டாவது கார், விமான நிலையத்தில் வாரக்கணக்கில் நிறுத்தும் கார், இவை வைத்திருக்கும் வாசகர்களுக்காக மாமாவின் கணக்குப் புத்தகத்திலிருந்து சில குறிப்புகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

காருக்குள் டாஷ்போர்டின் மேல் வைக்கும் சின்னப் பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. சிகரெட் பற்றவைக்கும் குழியில் செருகச் சொல்வார்கள். நிறைய கார்களில் சாவியை எடுத்ததும் அந்தக் குழிக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும்; செருகியும் பயனில்லை. தவிர, கண்ணாடியும் அதில் ஒட்டிய கறுப்புத் தாளும் வெயிலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மூடிய காருக்குள் சூடு ஏற ஏறப் பலகையின் பலமும் குறையும். பலகை வெளியே, ஒயர் நேராகப் பேட்டரிக்கு, என்பதுதான் நம்பகமானது.

பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது அதுதான். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்ட வேண்டும், பிறகு பலகையை. கழற்றும்போது முதலில் பலகை. பேட்டரி சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும் என்பதால் பக்கத்தில் சிகரெட் கூடாது. வாரண்டி உள்ள புதிய கார் என்றால் ஒயர் மாட்டும் வேலையைப் பட்டறையில் கேட்டுச் செய்வது நல்லது.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கார் பல மணி நேரம் நின்றபின், ஒயரைக் கழற்றிவிட்டு, காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே என்றால் அன்றே சார்ஜருக்குக் கொண்டு போங்கள்; அந்த நிலையில் சின்னப் பலகையை நம்ப வேண்டாம். நல்ல பேட்டரியை நிறைவாக வைத்திருப்பதுதான் பலகையின் வேலை. கெட்டுப்போன பேட்டரிக்கு அதனால் உயிர் கொடுக்க முடியாது.

கடற்கரை ஊர்களில் இன்னொன்று. உப்புக் காற்றில் பேட்டரி முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூக்கும். வெந்நீர் ஊற்றித் துடைத்துக் காயவைத்து, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். பேட்டரி நிறைந்திருந்தும் கார் கிளம்பாமல் போவதற்கு இந்தப் பூப்பும் ஒரு காரணம்.

மாடி வீடுகளில் இருப்பவர்களுக்கும் மூடிய கார் நிறுத்துமிடம் உள்ளவர்களுக்கும் வெயில் கிடைக்காது. அவர்கள் நீண்ட நாள் வெளியூர் போகும்போது பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைக்கலாம். ரேடியோவில் நேரம் மறுபடி வைக்க வேண்டியிருக்கும், அதோடு சரி.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “காடிக்குக்கூட தினமும் கொஞ்சம் கொடுத்தாத்தான் நிக்குது. எங்க பிள்ளைங்க தீபாவளிக்கு வந்து ஒரே நாள்ல மூணு மாசத்துப் பேச்சைப் பேசிட்டுப் போகுதுங்க” என்றார். மாமா அவரைப் பார்த்து, “அதான் இப்ப மக தினமும் ராத்திரி போன் பண்ணுதே” என்றார். “அது இந்த நெஞ்சு வலிக்கு அப்புறம்தானே” என்று அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

துறையில் நிற்கும் படகுகள்

மாலை நான்கு மணிக்கு மாமா என்னைத் துறைக்குக் கூட்டிப்போனார். முன்மூடிக்கு வெளியே நீட்டியிருந்த இணைப்பை இழுத்துக் கழற்றினார். சிவப்புத் துணியை அவிழ்த்து டாஷ்போர்டில் வைத்தார். போன முறை காரை எடுத்தது இருபத்து மூன்று நாளைக்கு முன்பு என்றார். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பாகான் டத்தோ பட்டணம் சின்னது. பழைய கடை வரிசை, காப்பிக் கடை, இளநீர் ஒட்டுக்கடை, அதற்கப்பால் தண்ணீர். பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் இது. எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகலம். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் மெதுவாக நகர்கிறது. சீன முதியவர் ஒருவர் தூண்டில் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

துறையில் கட்டிக் கிடந்த படகுகளை மாமா விரலால் காட்டினார். சிலவற்றின் கூரையில் அதே மாதிரிச் சின்னப் பலகைகள். ஒன்றில் உப்புப் படிந்து வெளுத்திருந்தது. ஒன்றின் மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது. “அந்த வலை போட்டவனுக்கு இன்னிக்கு ஒண்ணும் ஏறாது” என்று தலையை ஆட்டினார்.

பக்கத்து வீட்டு மீனவர் அங்கேதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் குலுக்கினார். அத்தை எப்படி இருக்கிறார் என்று மாமாவிடம் விசாரித்தார். அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டார். வியாழக்கிழமை என்றார் மாமா. வண்டி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், என்னுடையது ஓடுகிறது என்றார் மாமா. மீனவர் சிரித்துக்கொண்டே கையளவு செம்பிலி மீன் இரண்டைப் பையில் போட்டுக் கொடுத்தார். காசு கொடுக்கப் போன மாமாவின் கையைத் தள்ளிவிட்டார்.

சூரியன் ஆற்றின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. மாமா மீன் பையோடு காரை நோக்கி நடந்துவிட்டார்.

“வா தம்பி, வெயில் இருக்கும்போதே போய் ஒயரை மாட்டணும்.”